ட்ரைசெப்ஸ் பயிற்சி: தொடங்குகிறவர் எதைத் தெரிவு செய்வது?

வன்னியில் வளர்ந்த உடம்புக்கு இழுக்கிற வேலை பழக்கம். கிணற்றில் தண்ணி அள்ளுவது, நெல்லு மூட்டையைத் தூக்கித் தோளில் போடுவது, லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை வரம்போடு திருப்புவது, மண்வெட்டியால் வாய்க்கால் துப்புரவாக்குவது என்று எதை எடுத்தாலும் கை மடங்கி இழுக்கிற வேலைதான் கூட. பாரத்துக்கு எதிராகக் கையை நீட்டித் தள்ளுகிற வேலை குறைவு. அதனால்தான் ஐம்பது கிலோ பசளை மூட்டையைத் தனியாக இறக்கி வைக்கிற ஒரு பெடியன், தரையில் ஒழுங்கான தண்டால் பத்து எடுக்கத் திணறுகிறான். அவனிடம் பலம் இல்லாமலில்லை. பலம் ஒரு பக்கத்தில் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கையை நீட்டுகிற தசைதான் ட்ரைசெப்ஸ். மேற்கையின் பின்பக்கம் முழுவதும் அதுதான். பயிற்சி தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கண்ணாடியில் தெரிகிற, மேற்கையின் முன்பக்கத்துப் பைசெப்ஸைத்தான் முதலில் கவனிக்கிறார்கள். ஆனால் பருமனில் ட்ரைசெப்ஸ், பைசெப்ஸைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். கை தடிக்க வேண்டும் என்று நினைக்கிறவருக்கும், கரப்பந்தில் சேர்விஸ் பலமாகப் போக வேண்டும் என்று நினைக்கிறவருக்கும், நிலத்திலிருந்து கையை ஊன்றி எழும்பக் கஷ்டப்படுகிற அம்மம்மாவுக்கும் வேண்டியது இதே தசைதான்.

அப்புறம் வருவது பெயர்களின் குழப்பம். புஷ் டவுன், கிக்பேக், டிப்ஸ், ஸ்கல் கிரஷர், ஓவர்ஹெட் எக்ஸ்டென்ஷன், க்ளோஸ் கிரிப் பெஞ்ச் பிரஸ், டயமண்ட் புஷ் அப் என்று கைபேசியைத் திறந்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை ‘இதுதான் சிறந்தது’ என்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிற ஒருவர் ஏழையும் ஒரே நாளில் செய்து பார்த்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் தலை வாரக் கையைத் தூக்க முடியாமல் இருப்பார். பிறகு ஜிம் பக்கமே போகமாட்டார். இது வீணாக நடக்கிற இழப்பு. தொடக்கத்தில் இரண்டு பயிற்சி போதும். தள்ளுகிற பயிற்சி ஒன்று, கையைத் தலைக்கு மேல் வைத்துச் செய்கிற பயிற்சி ஒன்று. ஏன் இந்த இரண்டு என்பதற்கு அந்தத் தசை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மூன்று தலை, ஒரு வால்

ட்ரைசெப்ஸுக்கு மூன்று தலைகள் உண்டு. நீளத் தலை, வெளித் தலை, உள் தலை. மூன்றும் கீழே ஒன்றாகச் சேர்ந்து, முழங்கையின் பின்னால் கூராகத் துருத்திக்கொண்டிருக்கிற எலும்பில் போய்ப் பிடிக்கின்றன. அந்த எலும்பை இழுக்கும்போது முன்கை நீளுகிறது. இப்போதே சோதித்துப் பார்க்கலாம். இடது உள்ளங்கையை வலது மேற்கையின் பின்பக்கம் வைத்துக்கொண்டு, வலது கையை முழுதாக நீட்டி இறுக்குங்கள். கல்லுப் போல இறுகுகிறதே, அதுதான்.

வெளித் தலையும் உள் தலையும் மேற்கை எலும்பிலேயே தொடங்குகின்றன. அவை முழங்கை மூட்டை மட்டுமே கடக்கின்றன. ஆகவே தோள் எந்த நிலையில் இருந்தாலும் அவற்றின் நீளம் மாறாது. நீளத் தலை அப்படி இல்லை. அது தோள்பட்டை எலும்பில் தொடங்கி, தோள்மூட்டையும் முழங்கையையும் கடந்து வருகிறது. மேற்கையை உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டால் நீளத் தலை தளர்ந்திருக்கும். மேற்கையைக் காதுக்குப் பக்கத்தில் உயர்த்தினால் அது நன்றாக நீட்டப்படும். மேற்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் இன்னும் சுருங்கும். மிகவும் சுருங்கிய தசையால் பலமாக இழுக்க முடியாது.

தெரிவுக்கான திறவுகோல் இதில்தான் இருக்கிறது. பயிற்சியின் பெயரைப் பார்க்காதீர்கள், அந்தப் பயிற்சியில் மேற்கை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உடம்போடு ஒட்டி நிற்கிறதா, நெஞ்சுக்கு முன்னால் இருக்கிறதா, தலைக்கு மேல் இருக்கிறதா, முதுகுக்குப் பின்னால் போகிறதா? யூடியூப்பில் நாளைக்குப் புதிதாக ஒரு பயிற்சி வந்தாலும், இந்தக் கேள்வியைக் கேட்டால் அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று உங்களுக்கே விளங்கும்.

தள்ளுகிற பயிற்சி: தண்டாலை உங்கள் அளவுக்கு வெட்டி எடுப்பது

தண்டாலில் நெஞ்சும் தோளின் முன்பக்கமும் ட்ரைசெப்ஸும் சேர்ந்து வேலை செய்கின்றன. ட்ரைசெப்ஸுக்குக் கூடுதலாக வேலை போக வேண்டுமென்றால் கைகளைத் தோள் அகலத்துக்கோ அதைவிடச் சற்றுக் கிட்டவோ வைத்து, முழங்கைகள் வெளியே விரியாமல் விலாவுக்குப் பக்கமாகப் போகும்படி இறங்க வேண்டும். கைகளை ஒடுக்கி வைத்தால் ட்ரைசெப்ஸ் கூடுதலாக இயங்குகிறது என்பது அளந்தும் காட்டப்பட்டிருக்கிறது.

பலர் தண்டாலைக் கைவிடுவதற்குக் காரணம் அது பாரமாக இருப்பதுதான். அந்தப் பாரத்தைக் குறைக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது. தரையில் எடுக்கிற சாதாரணத் தண்டாலில் உடல் எடையின் ஏறத்தாழ 64 சதவீதம் கைகளில் வருகிறது. முழங்காலை ஊன்றினால் அது 49 சதவீதமாகக் குறையும். காலைத் தரையில் வைத்துக்கொண்டு கைகளை 30 சென்ரிமீற்றர் உயரமான ஒன்றில் ஊன்றினால் 55, 60 சென்ரிமீற்றர் உயரத்தில் ஊன்றினால் 41. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு இதைக் கணக்குப் பார்த்தால், தரையில் 38 கிலோ தள்ளுகிறவர் 60 சென்ரிமீற்றர் உயரத்தில் 25 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் தள்ளுகிறார். ஒரே ஆள், ஒரே பயிற்சி, பதின்மூன்று கிலோவுக்கு மேல் வித்தியாசம்.

ஆகவே வீட்டுத் திண்ணையில் தொடங்குங்கள். விறாந்தைக் குந்து, சீமெந்துப் படிக்கட்டு, உழவு இயந்திரப் பெட்டியின் விளிம்பு என்று அசையாத எதுவும் சரி. பெட்டி என்றால் சில்லுக்குக் கல்லு வைத்துவிட்டு ஏறுங்கள். கிணற்றுக் கட்டு உயரத்துக்குப் பொருத்தமாகத் தெரியும், ஆனால் அதில் ஒருபோதும் செய்ய வேண்டாம். களைத்த கை ஒருமுறை வழுக்கினால் போதும். பிளாஸ்டிக் கதிரையும் வேண்டாம். சீமெந்து நிலத்தில் அதன் கால் விரிந்துவிடும்.

உடம்பு குதிக்காலிலிருந்து தலை வரை ஒரே நேராக இருக்க வேண்டும். இடுப்புத் தொங்கினால் அந்தத் தண்டால் கணக்கில் சேராது. இரண்டு மூன்று செக்கன் எடுத்து மெதுவாக இறங்கி, நெஞ்சு விளிம்பைத் தொட்டதும் தள்ளி எழும்பி, மேலே கையை முழுதாக நீட்டுங்கள். கடைசியில் வருகிற அந்த முழு நீட்டல் ட்ரைசெப்ஸின் வேலை. அவசரத்தில் அரைவாசியில் திரும்பி இறங்குகிறவர்கள் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

எட்டு முதல் பன்னிரண்டு தடவை செய்து, இன்னும் இரண்டு எடுக்கலாம் என்ற நிலையில் நிறுத்துங்கள். இரண்டு நிமிடம் ஆறுங்கள். இப்படி மூன்று செட். மூன்று செட்டிலும் பன்னிரண்டை ஒழுங்காக எடுக்க முடிகிற நாளில் ஒரு படி இறங்குங்கள். படிக்கட்டு இதற்கு அருமையான கருவி. மேல் படியில் தொடங்கி, மாதங்கள் போக ஒவ்வொரு படியாகக் கீழே வந்து, ஒரு நாள் தரையில் நிற்பீர்கள். ஜிம்மில் செய்கிற ஆளென்றால் இதே இடத்தில் க்ளோஸ் கிரிப் பெஞ்ச் பிரஸைப் போட்டுக்கொள்ளலாம். வாங்கிலில் மல்லாக்கப் படுத்து, கைகளைக் கிட்டப் பிடித்து, பாரத்தை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுகிற பயிற்சி அது. பக்கத்தில் பிடிக்க ஆள் இல்லாவிட்டால் இரண்டு கையாலும் பிடிக்கிற நீளக் கம்பியான பார்பெல்லை விட்டு, கைக்கு ஒன்றாகப் பிடிக்கிற டம்பெல்லை எடுங்கள். பார்பெல் நெஞ்சில் சிக்கினால் தனியாகத் தள்ளி எழும்ப முடியாது.

டயமண்ட் புஷ் அப் பற்றி ஒரு விளக்கம் தேவை. அமெரிக்காவில் 2011இல் எட்டு ட்ரைசெப்ஸ் பயிற்சிகளைத் தசையின் மின் இயக்கத்தை அளந்து ஒப்பிட்டபோது, பெருவிரல்களும் ஆள்காட்டி விரல்களும் முக்கோணமாகத் தொடும்படி கை வைத்து எடுக்கிற தண்டால்தான் முதலிடத்துக்கு வந்தது. அன்றிலிருந்து அதைத் தூக்கிப் பிடிக்காத ஆள் இல்லை. ஆனால் அந்த அளவீடு, அந்த நேரத்தில் தசை எவ்வளவு இயங்குகிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. மாதக்கணக்கில் செய்தால் எவ்வளவு வளரும் என்பது வேறு கேள்வி. சாதாரணத் தண்டாலே ஐந்து எடுக்க முடியாத ஒருவர் டயமண்டுக்குப் போனால் மணிக்கட்டும் முழங்கையும்தான் நோகும். தரையில் பதினைந்து தண்டால் எடுக்கிற காலத்தில் அதைத் தொடலாம்.

தலைக்கு மேலான பயிற்சி: இதை விட்டுவிடாதீர்கள்

தள்ளுகிற பயிற்சிகளில் வெளித் தலை நன்றாக வளரும், நீளத் தலைக்குக் கிடைப்பது குறைவு. தண்டாலில் கை நீளும்போதே மேற்கையும் தோளிலிருந்து அசைகிறது. இரண்டு மூட்டையும் கடக்கிற நீளத் தலை ஒரு முனையில் சுருங்க, மறுமுனையில் நீளுகிறது. அதனால் முழு வேலையும் அதற்குப் போவதில்லை. 2020இல் வெளியான ஓர் ஆய்வில் பெஞ்ச் பிரஸ் மட்டும் செய்தவர்களுக்கு வெளித் தலையும், படுத்துக்கொண்டு முழங்கையை மட்டும் நீட்டுகிற பயிற்சி செய்தவர்களுக்கு நீளத் தலையும் கூடுதலாக வளர்ந்தன.

இதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது ஜப்பானிய ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஒன்று. ஒவ்வொருவரையும் ஒரு கையைத் தலைக்கு மேல் வைத்து முழங்கையை நீட்டச் சொன்னார்கள். மறு கையால் உடம்போடு ஒட்டி வைத்து அதே பயிற்சியைச் செய்யச் சொன்னார்கள். கிழமைக்கு இரண்டு நாள், பன்னிரண்டு கிழமை. முடிவில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது தலைக்கு மேல் செய்த கையின் ட்ரைசெப்ஸ் ஏறத்தாழ 20 சதவீதம் வளர்ந்திருந்தது. மற்றக் கையில் 14. நீளத் தலையை மட்டும் எடுத்தால் 28, 20 என்ற அளவில் வித்தியாசம் இருந்தது. இன்னொரு விசயம், தலைக்கு மேல் செய்த கை தூக்கியது குறைந்த பாரம். பாரம் குறைவு, வளர்ச்சி கூட. டம்பெல் அதிகம் இல்லாத ஊர்களில் இருக்கிற எங்களுக்கு இது பெரிய செய்தி. நீட்டப்பட்ட நிலையில் வேலை கொடுத்தால் சிறிய பாரமே போதுமானதாகிறது.

கருவிக்கு 5 லீற்றர்த் தண்ணிக் கான் ஒன்று போதும், கைப்பிடி உறுதியானதாகப் பாருங்கள். ஒரு லீற்றர் தண்ணி ஒரு கிலோ. இரண்டு லீற்றர் ஊற்றினால் இரண்டு கிலோ, அரை லீற்றர் கூட்டினால் இரண்டரை. ஜிம்மில் ஐந்து கிலோ டம்பெல்லுக்கு அடுத்தது பல இடங்களில் ஏழரை கிலோ. அந்தத் தாவல் தொடங்குகிறவருக்குப் பெரிது. அரைக் கிலோவாகக் கூட்டுகிற வசதி தண்ணிக் கானில்தான் இருக்கிறது. ஐந்து லீற்றர் நிறைந்து அதுவும் இலகுவாகிவிட்டால் காய்ந்த மணலை நிரப்புங்கள். மணல் தண்ணியைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பாரம். மூடியை இறுக்குங்கள், கையைத் துணியால் துடையுங்கள். வியர்த்த கையால் தலைக்கு மேல் பாரம் பிடிக்கக்கூடாது.

சுவரில் முதுகைச் சாய்த்து ஒரு வாங்கிலிலோ நிலத்திலோ இருங்கள். இரண்டு கையாலும் கானைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்குங்கள். மேற்கைகள் காதுக்குக் கிட்ட இருக்கட்டும். முழங்கைகள் முன்னோக்கிச் சற்றே வெளிப்பக்கம் பார்த்தபடி இருந்தால் போதும், வலிந்து ஒடுக்கத் தேவையில்லை. முழங்கையை மடித்துக் கானைப் பிடரிக்குப் பின்னால் மெதுவாக இறக்குங்கள். ட்ரைசெப்ஸ் நன்றாக இழுபடுவது தெரியும். அங்கே ஒரு நொடி நின்று, மேற்கையை அசைக்காமல் முன்கையை மட்டும் நீட்டி மேலே கொண்டுவாருங்கள். நாரி வளைந்து விலா முன்னால் தள்ளினால் பாரம் கூட, அல்லது தோள் இறுக்கம். பத்து முதல் பதினைந்து தடவை, இரண்டு அல்லது மூன்று செட்.

எவ்வளவு பாரத்தில் தொடங்குவது என்று கேட்பார்கள். பதினைந்து தடவை சுத்தமாகச் செய்யக்கூடிய பாரத்தில் தொடங்குங்கள். பலருக்கு அது இரண்டு முதல் நாலு கிலோவுக்குள் நிற்கும். பார்க்கிறவர்கள் ‘இவ்வளவுதானா’ என்று நினைத்தால் நினைக்கட்டும். முழங்கை மூட்டும் தசைநாரும் தசையைவிட மெதுவாகத்தான் பழகும். அவற்றுக்கு அந்த முதல் கிழமைகள் தேவை.

கை தலைக்கு மேல் போகவில்லை என்றால்

சிலருக்கு இந்தப் பயிற்சி தொடக்கத்தில் பொருந்தாது. அதை இப்படிச் சோதிக்கலாம். முதுகும் தலையும் நாரியும் சுவரில் படும்படி நின்று, இரண்டு கையையும் நேராகக் காதுப் பக்கம் உயர்த்துங்கள். நாரி சுவரைவிட்டு எழும்பாமல் கை காதுக்கு வந்தால் பிரச்சினை இல்லை. பாதியில் நின்றாலோ, தோளின் மேல் குத்தினாலோ, தலைக்கு மேலான பயிற்சியை இப்போதைக்கு வையுங்கள்.

அதற்குப் பதிலாகப் பாயில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு செய்யலாம். இரண்டு கையிலும் தண்ணிப் போத்தல், ஒன்றரை லீற்றர் போதும். கைகளைக் கூரையைப் பார்க்க நீட்டி, மேற்கையைத் தலைப் பக்கமாகச் சற்றே சரித்து வைத்து, போத்தல்களைக் காதுக்கு இரு புறமும் இறக்கி மீண்டும் நீட்டுங்கள். ஜிம்மில் இதைத்தான் ஸ்கல் கிரஷர் என்கிறார்கள். பார்பெல்லால் நெற்றிக்கு மேலே செய்கிற அந்த முறை தொடங்குகிறவருக்கு வேண்டாம். தனித்தனிப் போத்தலோ டம்பெல்லோ என்றால் மணிக்கட்டுக்கும் சுகம், முகத்துக்கும் ஆபத்தில்லை.

இந்த இடத்தில் எங்கள் மண்ணுக்குரிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2009 வரை நடந்த போருக்குப் பிறகு, தோளிலும் கையிலும் ஷெல் துண்டுகளோடு வாழ்கிறவர்கள் வன்னியில் நிறையப் பேர். வெளியே தழும்பு சிறிதாக இருக்கும், உள்ளே துண்டு நரம்புக்குப் பக்கத்தில் நிற்கும். ட்ரைசெப்ஸை இயக்குகிற நரம்பு மேற்கை எலும்பை ஒட்டிச் சுற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பக்கம் காயப்பட்டவர்கள், கை விறைக்கிறவர்கள், மணிக்கட்டை நிமிர்த்தக் கஷ்டப்படுகிறவர்கள் இந்தக் கட்டுரையை மட்டும் வைத்துத் தொடங்க வேண்டாம். மாவட்ட வைத்தியசாலையில் இயன்மருத்துவரைக் கண்டு, எந்தக் கோணம் வரை, எவ்வளவு பாரம் என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பயிற்சியே கூடாது என்று நினைத்து ஒதுங்கவும் வேண்டாம். பலருக்கு அளவோடு செய்கிற பயிற்சிதான் வேண்டியது.

ஊன்றுகோலில் நடக்கிறவர்களுக்கும் சக்கர நாற்காலியில் இருக்கிறவர்களுக்கும் ட்ரைசெப்ஸ் அழகுக்கான தசை அல்ல. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும், மணல் ஒழுங்கையில் சில்லைத் தள்ளுவதும், ஊன்றுகோலில் உடம்பைத் தாங்குவதும் அந்தத் தசையின் புண்ணியத்தில்தான். அவர்களுக்குத் தள்ளுகிற வேலை நாள் முழுதும் நடக்கிறது, தோள் ஏற்கெனவே களைத்திருக்கும். ஆகவே மேலும் தள்ளுகிற பயிற்சியைக் குவிக்காமல், படுத்தோ பழைய சைக்கிள் ரியூப்பாலோ செய்கிற முழங்கை நீட்டலை எடுத்து, அதோடு முதுகுக்கு இழுக்கிற பயிற்சி ஒன்றையும் சேர்ப்பது தோளைக் காக்கும்.

மற்றவை எங்கே நிற்கின்றன

புஷ் டவுன் நல்ல பயிற்சி. ஜிம்மில் கேபிள் மெசின் இருந்தால் அதைவிடப் பழகுவதற்கு இலகுவானது வேறில்லை. முழங்கையை விலாவில் ஒட்டிவைத்து, கயிற்றையோ கம்பியையோ கீழே தள்ளி நீட்ட வேண்டும், அவ்வளவுதான். மேற்கை உடம்போடு ஒட்டி நிற்பதால் நீளத் தலைக்கு நீட்டல் கிடைக்காது, அது ஒன்றுதான் குறை. முழங்கை எளிதில் நோகிறவர்களுக்கு இது சரியான தொடக்கம்.

கேபிள் இல்லாத இடத்தில் பழைய சைக்கிள் ரியூப் கைகொடுக்கும். வேம்போ மாமரமோ, உறுதியான கிளையில் ரியூப்பைப் போட்டு இரண்டு முனையையும் பிடித்துக் கீழே தள்ளுங்கள். ரியூப் இழுக்க இழுக்கத்தான் இறுகும். ஆகவே தொடக்கத்தில் இலகு, கை நீளுகிற கடைசியில் கஷ்டம். இருபது தடவை, இருபத்தைந்து தடவை என்று செய்தால் முழங்கைக்கு நல்ல இரத்த ஓட்டம் கிடைக்கும். தண்டாலுக்கு முன்னால் உடம்பைச் சூடாக்கவும் இது உதவும். ஆனால் எங்கள் வெயிலில் கிடந்த ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். ஒவ்வொரு முறையும் நீட்டிப் பார்த்து, வெடிப்போ ஒட்டோ இருந்தால் எறிந்துவிடுங்கள். அறுந்த ரியூப் நேரே முகத்துக்குத்தான் வரும். வால்வு இருக்கிற பகுதியை வெட்டி எடுத்துவிடுவதும் நல்லது.

கிக்பேக்கைத் தொடங்குகிறவர்கள் விட்டுவிடலாம். குனிந்து நின்று சிறிய டம்பெல்லைப் பின்னால் நீட்டுகிற பயிற்சி அது. பாரம் வேலை கொடுப்பது கை நீண்டு முடிகிற இடத்தில் மட்டும்தான், அந்த இடத்தில் நீளத் தலை சுருங்கிப்போய் இருக்கிறது.

டிப்ஸ் பற்றித்தான் எனக்குக் கவலை. இரண்டு கதிரைக்கு நடுவிலோ ஒரு வாங்கிலின் விளிம்பிலோ கையைப் பின்னால் ஊன்றி, உடம்பை இறக்கி ஏற்றுகிற பெஞ்ச் டிப்ஸை ‘வீட்டில் செய்யக்கூடிய இலகுவான பயிற்சி’ என்று எல்லா இடமும் சொல்கிறார்கள். பார்க்கத்தான் இலகு. உடம்பு இறங்கும்போது மேற்கை முதுகுக்குப் பின்னால் போய், தோள்மூட்டு அதன் எல்லையில் நிற்கிறது. கை வாங்கிலில் பூட்டப்பட்டிருப்பதால் தோளுக்கு விலகிக்கொள்ளவும் இடமில்லை. அந்த நிலையில் முழுப் பாரமும் தோளின் முன்பக்கத்தில் விழுகிறது. மூட்டை சுமந்து தோள் இறுகிப்போனவர்கள் வன்னியில் அதிகம். அவர்களுக்கு இது முதல் பயிற்சியாக இருக்கவே கூடாது. சமாந்தரக் கம்பியில் செய்கிற டிப்ஸ் வேறு, தோளுக்கு அதில் சற்று இடம் உண்டு. ஆனால் அது முழு உடல் எடையையும் தூக்குகிற பயிற்சி. தரையில் இருபது தண்டால் வந்த பிறகு, மேற்கை நிலத்துக்குச் சமாந்தரமாகும் அளவோடு நிறுத்திச் செய்யலாம்.

எப்போது, எத்தனை நாள்

கிழமையில் இரண்டு நாள் போதும். இடையில் இரண்டு நாள் ஆற விடுங்கள். திங்களும் வியாழனும் என்று வைத்துக்கொள்ளலாம். செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் பின்கை நோவது இயல்பு, பயப்படத் தேவையில்லை. அந்த நோவு தசையின் நடுவில் பரவலாக இருக்கும், அசைய அசையக் குறையும். முழங்கையின் கூரான எலும்பில் ஒரு புள்ளியில் குத்துகிற நோவு வேறு. அது வந்தால் தலைக்கு மேலான பயிற்சியையும் படுத்துச் செய்வதையும் இரண்டு கிழமை நிறுத்தி, ரியூப்பால் மெதுவாகச் செய்யுங்கள். பிறகும் நின்றால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கரப்பந்து விளையாடுகிறவர்கள் ஆட்டம் உள்ள நாளில் தலைக்கு மேலான பயிற்சியைச் செய்ய வேண்டாம். சேர்விஸிலும் அடியிலும் முழங்கை அதே திசையில்தான் வேகமாக நீளுகிறது. காலபோக விதைப்பு, அறுவடை நாட்களில் உடம்பு வயலிலேயே முடிந்துவிடும். அந்தக் கிழமைகளில் ஒரு நாள், ஒவ்வொன்றிலும் ஒரு செட் செய்தால் பலம் குறையாமல் நிற்கும். முழுதாக விட்டுவிடுவதைவிட அது எவ்வளவோ மேல். சித்திரை தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை பகல் வெயில் கொல்லும். விடியலிலோ வெயில் தாழ்ந்த பிறகோ செய்யுங்கள், முன்னும் பின்னும் தண்ணி குடியுங்கள். சாப்பாட்டில் பருப்பு, பயறு, கௌபி, முட்டை, மீன், நெத்தலிக் கருவாடு என்று புரதம் உள்ளதில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு நேரமும் இருக்கட்டும். வெறும் சோறும் சம்பலும் என்றால் தசை கட்டப் பொருள் போதாது.

பெண்களுக்கும் இதே இரண்டு பயிற்சிதான், இதே முறைதான். கை ஆம்பிளைக் கை மாதிரி ஆகிவிடும் என்ற பயத்துக்குக் காரணம் இல்லை. பெண்ணின் உடம்பு அந்த அளவுக்குத் தடிக்க வருடக்கணக்கில் பாரிய பயிற்சியும் அதற்கேற்ற சாப்பாடும் வேண்டும். ஜிம்மெல்லாம் நகரத்தில்தான், அதிலும் பெண்களுக்கு நேரம் ஒதுக்குகிற இடம் குறைவு. ஆகவே திண்ணையும் தண்ணிக் கானும் அவர்களுக்குக் கூடுதலாகப் பயன்படும். வயது போனவர்கள் சுவரில் கையை ஊன்றி நின்றபடி தள்ளுவதிலிருந்து தொடங்கலாம். கதிரையின் கைப்பிடியை அழுத்தி எழும்புகிற பலம் சில கிழமைகளிலேயே கூடுவது அவர்களுக்குத் தெரியும்.

தெரிவு செய்த இரண்டையும் எட்டுக் கிழமைக்காவது மாற்றாதீர்கள். முதல் சில கிழமைகளில் வருகிற முன்னேற்றம் பெரும்பாலும் தசை வளர்ந்ததால் வருவதில்லை. மூளையும் நரம்பும் அந்த அசைவைப் பழகுவதால் வருகிறது. கிழமைக்கு ஒரு பயிற்சி என்று மாற்றிக்கொண்டிருந்தால் எப்போதும் பழகுகிற கட்டத்திலேயே நிற்பீர்கள், தசைக்கு முழு வேலை போய்ச் சேராது. ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் திகதி, படியின் உயரம், கானில் எத்தனை லீற்றர், எத்தனை தடவை என்று எழுதுங்கள். தடவை கூடவும் இல்லை, பாரம் கூடவும் இல்லை என்று மூன்று கிழமை கொப்பியில் தெரிந்தால், முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பாருங்கள். அவை சரியென்றால் செட் ஒன்றைக் கூட்டுங்கள். அப்போதும் அசையாவிட்டால்தான் பயிற்சியை மாற்ற வேண்டும். மாற்றும்போதும் தள்ளுகிறதுக்குப் பதில் தள்ளுகிறது, தலைக்கு மேலானதுக்குப் பதில் மேற்கை உயர்ந்து நிற்கிற இன்னொன்று என்று மாற்றுங்கள். இரண்டு கையால் பிடித்த கானை ஒரு கையால் பிடித்துச் செய்வதே பலருக்கு அடுத்த மாற்றமாகப் போதும்.